பெயர் புதிதாயிருக்கலாம்; பொருள் தெரியாதிருக்கலாமா?

ஒரு வீட்டில் குழந்தை பிறந்ததும் அல்லாஹு தஆலாவுக்கு நன்றி செலுத்துகிறோம். அதன் வலச் செவியில் பாங்கு சொல்லுகிறோம். மென்ற பேரீச்சம் பழத்தை நாவில் தொட்டு வைக்கிறோம். இவையெல்லாம் முடிந்தவுடன் அந்த வீட்டில் எழுகின்ற கேள்வி ஒன்று உண்டு. 'பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது?' என்பதே அது.

முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு விடை காண நெடுநேரம் ஆகாது. ஆண் பிள்ளையாயின் வாப்பாவின் வாப்பா பெயர். பெண் பிள்ளையாயின் உம்மாவின் உம்மா பெயர். அதுவும் இல்லையெனில் நபிமார்கள், ஸஹாபாப் பெருமக்கள், வலிமார்கள் ஆகியோரின் திருப்பெயர்களுள் ஒன்று. இதனால் ஒரே தெருவில் நான்கு அப்துல் காதிரும் ஐந்து பாத்திமாவும் இருந்தார்கள். அடையாளத்திற்காக அவர்கள் வீட்டுப் பெயரையோ தொழிற் பெயரையோ முன்னே சேர்த்துக் கொண்டார்கள்.

இன்று நிலைமை வேறு. 'நம் ஊரில் எவரும் வைத்திராத பெயராக இருக்க வேண்டும். சுருக்கமாக இருக்க வேண்டும். கேட்க இனிமையாக இருக்க வேண்டும்' என்று இளம் பெற்றோர் விரும்புகின்றனர். கைப்பேசியில் தேடுகின்றனர், பெயர்ப் பட்டியல்களைப் புரட்டுகின்றனர், திருமறையைத் திறந்து ஓசை நயமிக்க சொல் ஏதேனும் அகப்படுமா என்று பார்க்கின்றனர். வீட்டுப் பெரியவர்களோ, 'இது என்ன பெயர்? வாயில் நுழையவில்லையே!' என்று முகம் சுளிக்கின்றனர். இரு சாராருக்கும் இடையே பிணக்கு ஏற்படுவதையும் நாம் காண்கிறோம்.

இதில் மார்க்கத்தின் நிலை என்ன? அதைத்தான் இக்கட்டுரையில் சற்று விரிவாக ஆராய்வோம்.

புதுமை குற்றமா?

முதலில் பெரியவர்களுக்கு ஒரு சொல். பெயர் புதிதாக இருப்பது ஒன்றே குற்றமாகி விடாது. ஹஜ்ரத் ஸக்கரிய்யா (அலை) அவர்களுக்கு முதுமையில் ஒரு மகவை வழங்குவதாக அல்லாஹ் நற்செய்தி கூறியபோது, அம்மகவுக்கு யஹ்யா என்று தானே பெயரும் சூட்டினான். அதற்கு முன் அந்தப் பெயரில் எவரையும் ஆக்கியதில்லை என்பதையும் ஸூரத்து மர்யமில் எடுத்துக் கூறுகிறான். எவரும் வைத்திராத பெயர் ஒரு நபிக்குச் சிறப்பாக அமைந்தது என்றால், புதுமையை நாம் எப்படிப் பழிக்க முடியும்?

பெயர் அரபு மொழியில்தான் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. இப்ராஹீம், இஸ்மாயீல், யூஸுஃப் ஆகிய திருப்பெயர்கள் அரபு மண்ணில் பிறந்த சொற்கள் அல்ல. பாரசீகத்திலிருந்து வந்து நம் நாட்டில் வேரூன்றிய யாஸ்மீன் (மல்லிகை), நஸ்ரீன் (காட்டு ரோஜா), ஷப்னம் (பனித்துளி), பர்வீன் (கார்த்திகை விண்மீன் கூட்டம்) போன்றவற்றில் தீய கருத்து ஏதுமில்லை. நம் தமிழகத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் பெயர் யாது? ஷெய்கு அப்துல் காதிர் என்பதே தமிழ் நாவில் உருண்டு சீதக்காதி ஆயிற்று. மொழி மாறியது, ஓசை மாறியது, கருத்து மாறவில்லை.

எனவே 'புதிய பெயர் கூடாது' என்பது மார்க்கத்தின் கட்டளை அல்ல. 'நல்ல பெயர் வேண்டும்' என்பதே மார்க்கத்தின் கட்டளை. நல்ல பெயர் என்பது நல்ல பொருளுள்ள பெயர். அது பிள்ளை தன் பெற்றோரிடம் பெற வேண்டிய முதல் உரிமைகளுள் ஒன்று. பிற்காலத்தில் நாம் வாங்கித் தரும் சட்டையும் செருப்பும் சிறிதாகிப் போகும். வைத்த பெயர் கப்ரு வரை கூட வரும். அதற்கு அப்பாலும் வரும். மறுமையில் நாம் நம் பெயராலும் நம் தந்தையர் பெயராலும் அழைக்கப்படுவோம் என்றும், ஆகவே பெயர்களை அழகாக்கிக் கொள்ள வேண்டும் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. மஹ்ஷர் வெளியில் அத்தனை படைப்பினங்களின் முன்னே உரத்து அழைக்கப்படும் பெயரை, பொருள் தெரியாமல் வைக்கலாமா?

நாயகம் (ஸல்) அவர்கள் மாற்றிய பெயர்கள்

பெருமானார் (ஸல்) அவர்கள் தம்மிடம் வருவோரின் பெயரைக் கேட்பார்கள். நல்ல பெயராயின் மகிழ்வார்கள். கருத்துக் கெட்ட பெயராயின் மாற்றி வைப்பார்கள். எந்தெந்தப் பெயரை ஏன் மாற்றினார்கள் என்று பார்த்தால் நமக்கு ஓர் அளவுகோல் கிடைத்துவிடுகிறது.

ஸஹாபி அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் அறியாமைக் காலத்தில் அப்து அம்ரு என்று அழைக்கப்பட்டார்கள். படைப்பினம் ஒன்றின் அடிமை என்ற கருத்து அதில் இருந்ததால், அளவற்ற அருளாளனின் அடியார் என்று பொருள்படும் அப்துர் ரஹ்மான் ஆக்கினார்கள். இது அகீதாவைக் காக்கும் மாற்றம்.

அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி), அன்னை ஜுவைரிய்யா (ரலி) ஆகிய இருவருக்கும் முன்பிருந்த பெயர் பர்ரா என்பது. 'நன்மையே உருவானவள்' என்ற கருத்துடைய சொல் அது. தன்னைத் தானே தூய்மையென்று புகழ்ந்து கொள்வது போலிருந்ததால் மாற்றினார்கள். இது பணிவைக் காக்கும் மாற்றம்.

அஸ்ரம் என்ற ஒருவர் வந்தார். 'துண்டிக்கப்பட்டவன்' என்பது அப்பெயரின் பொருள். அவரை ஸுர்ஆ ஆக்கினார்கள். அதற்கு விதைப்பு என்று பொருள். ஹர்ப் (போர்) என்பதை ஸில்ம் (சமாதானம்) என்று மாற்றினார்கள். இவை மனத்தில் நல்லெண்ணம் வளர்க்கும் மாற்றங்கள்.

'அரசர்களுக்கெல்லாம் அரசன்' என்று பொருள்படும் பெயரைச் சூடிக் கொள்பவரின் பெயரே அல்லாஹ்விடத்தில் மிக இழிந்தது என்ற கருத்தும் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் காணக் கிடைக்கிறது. அந்த ஹதீஸை அறிவித்த ஸுஃப்யான் (ரஹ்) அவர்கள், பாரசீக மொழியின் 'ஷாஹன்ஷாஹ்' என்பதும் இதுவேதான் என்று விளக்கினார்கள். நம் ஊர்களில் ஷாஹின்ஷா என்று பிள்ளைகளுக்குப் பெயரிடுவோர் இதைக் கவனிக்க வேண்டும். மொழி எதுவாயினும் மார்க்கம் பார்ப்பது பொருளையே என்பதற்கும் இது சான்று.

ஒரு பெயர், இரு எழுத்து

இனி நாம் முக்கியமாகச் சொல்ல வந்த செய்திக்கு வருவோம். ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் மகள் ஒருவருக்கு ஆஸியா என்ற பெயர் இருந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் அதை மாற்றி ஜமீலா (அழகி) என்று பெயரிட்டார்கள். முஸ்லிம் ஷரீஃபில் இது பதிவாகியுள்ளது.

இதைப் படிக்கும் சகோதரிகள் சிலர் திடுக்கிடலாம். 'ஆஸியா நல்ல பெயராயிற்றே! ஃபிர்அவ்னின் மனைவியாக இருந்தும் ஈமானில் உறுதியாக நின்ற பெண்மணியின் பெயர் அல்லவா?' என்று கேட்கலாம். அந்தப் பெண்மணியின் பெயர் அலிஃபில் தொடங்கி, நடுவில் ஸீன் கொண்டது. ஆற்றுபவள், நோய்க்கு மருந்திடுபவள் என்று அதற்குப் பொருள் கூறுவர். நாயகம் (ஸல்) அவர்கள் மாற்றிய பெயரோ ஐனில் தொடங்கி, நடுவில் ஸாது கொண்டது. அதன் பொருள் 'மாறு செய்பவள்' என்பது! அரபியில் இரண்டும் வெவ்வேறு சொற்கள். தமிழில் எழுதினால் இரண்டும் 'ஆஸியா'தான்.

இதுதான் இன்றைய ஆபத்து. நம் முன்னோர் அரபுத் தமிழில் எழுதி வந்த காலத்தில் இந்தக் குழப்பம் இல்லை. தமிழ்ச் சொற்களையே அரபு எழுத்தில் எழுதியவர்களுக்கு ஐன் வேறு, அலிஃப் வேறு என்பது தெரிந்திருந்தது. வீட்டுக் கிதாபின் முதல் ஏட்டில் பிள்ளையின் பெயரையும் பிறந்த நாளையும் எழுதும்போது எழுத்துப் பிசகாது. இன்று பெயர் தமிழிலோ ஆங்கிலத்திலோ மட்டுமே எழுதப்படுகிறது. பட்டியலில் காணும் பொருள் ஒரு சொல்லுக்கு, நாம் உச்சரிப்பது வேறொரு சொல்லை என்று ஆகிவிடுகிறது.

இன்னும் சில உதாரணங்களைப் பாருங்கள்:

அலீம்: ஐனில் தொடங்கினால் 'நன்கறிந்தவன்'. அலிஃபில் தொடங்கினால் 'துன்புறுத்தும்' என்று பொருள். திருமறையில் நோவினை தரும் வேதனையைக் குறிக்க வரும் சொல் இந்த இரண்டாவது அலீம்தான்.

காலிக்: புள்ளியுள்ள கா எழுத்தில் தொடங்கினால் 'படைப்பவன்'. அது அல்லாஹ்வின் திருநாமம்; ஆகவே அப்துல் காலிக் என்றே வைக்க வேண்டும். இதைச் சிலர் ஹாலிக் என்று எழுதுகின்றனர். புள்ளியில்லாத ஹா கொண்டு சொன்னால் 'தலை மழிப்பவன்' என்றாகும். சின்ன ஹே கொண்டு சொன்னாலோ 'அழிந்து போகிறவன்' என்றாகும்.

ஸஹ்ரா: அன்னை பாத்திமா (ரலி) அவர்களின் சிறப்புப் பெயரில் உள்ளது ஸே எழுத்தில் தொடங்குவது, 'ஒளி மிக்கவள்' என்பது பொருள். ஸாது எழுத்தும் புள்ளியில்லாத ஹாவும் கொண்டு சொன்னால் 'பாலைவனம்'.

ஸகர்: ஸாது கொண்டு, நடு எழுத்தில் ஸுகூன் வைத்து 'ஸக்ர்' என்றால் வல்லூறு என்னும் பறவை. ஸீன் கொண்டு 'ஸகர்' என்று விரித்தாலோ நரகத்தின் பெயர்களுள் ஒன்று. அல்லாஹ் நம் பிள்ளைகளை அதிலிருந்து காப்பானாக!

ஓர் எழுத்தால் வானத்துக்கும் பூமிக்கும் உள்ள வேறுபாடு ஏற்பட்டுவிடுகிறது அன்றோ? எனவே பெயரைத் தேர்ந்தெடுப்பவர் முதலில், 'இது அரபியில் எந்த எழுத்துகளால் ஆனது?' என்று கேட்டு, அதை அரபு எழுத்திலேயே எழுதி வாங்கிக் கொள்ள வேண்டும். ஓதிக் கொடுக்கும் உஸ்தாது எவரும் இதை ஒரு நிமிடத்தில் எழுதித் தருவார்.

'குர்ஆனில் உள்ள சொல்தானே?'

'ஹஜ்ரத், இது குர்ஆனில் இருக்கிறது, பிறகென்ன?' என்று சிலர் நம்மிடம் கேட்பதுண்டு. ஃபிர்அவ்ன், ஹாமான், காரூன் ஆகிய பெயர்களும் குர்ஆனில்தான் இருக்கின்றன. இப்லீஸின் பெயரும் இருக்கிறது. அவை இறைவனின் வசனத்தில் எச்சரிக்கையாக வந்தவை. அவற்றை ஓதினால் எழுத்துக்குப் பத்து நன்மை கிடைக்கும். பிள்ளைக்கு வைத்தால் நன்மை கிடைக்காது. லளா, ஹாவியா, ஹுதமா, ஸயீர் என்பன கேட்க எவ்வளவு மென்மையாக ஒலித்தாலும் நரகத்தையும் அதன் நெருப்பையும் குறிப்பவை. ரீபா என்பது ஐயம், சந்தேகம். நாஸியா என்பது முன்நெற்றி உரோமம். ஸூரத்துல் அலக்கில் பொய்யுரைத்துப் பாவம் செய்தவனின் முன்நெற்றியைப் பற்றிச் சொல்லும் இடத்தில் வருகிறது.

வேறு சில சொற்களுக்குத் தீய பொருள் இல்லை. ஆனால் பெயராகும் பொருளும் இல்லை. உதாரணமாக அய்யான் என்ற பெயர் இப்போது பெருகி வருகிறது. 'இறைவனின் அன்பளிப்பு' என்று அதற்குப் பட்டியல்களில் பொருள் எழுதியிருப்பதைக் காண்கிறோம். திருமறையில் வரும் 'அய்யான' என்பது கியாமத்து நாள் எப்போது என்று வினவுவோரின் வினாச் சொல். 'எப்போது' என்பது மட்டுமே அதன் பொருள். ஐனில் தொடங்கி அழுத்தமின்றி 'அயான்' என்று சொன்னால் உருதுவிலும் பாரசீகத்திலும் 'கண்கூடானது, வெளிப்படையானது' என்று பொருள்படும். அன்பளிப்பு என்ற கருத்து இரண்டிலும் இல்லை. 'இறைவனின் கொடை' என்ற பொருள்தான் வேண்டுமென்றால் ஹிபத்துல்லாஹ், அதாவுல்லாஹ் என்ற பெயர்கள் காத்துக் கிடக்கின்றனவே!

அழைக்கும்போது என்ன ஆகிறது?

எழுத்தும் பொருளும் சரியாக இருந்தாலும் மூன்றாவதாக ஒன்றைப் பார்க்க வேண்டும். நாள்தோறும் அழைக்கும்போது அப்பெயர் என்னவாகிறது என்பதே அது. இதையும் நமக்குக் கற்றுத் தந்தவர்கள் நாயகம் (ஸல்) அவர்களே. யஸார் (வசதி), ரபாஹ் (இலாபம்), நஜீஹ் (வெற்றியாளன்), அஃப்லஹ் (ஈடேறியவன்) என்று பெயரிட வேண்டாம் என்றார்கள். 'இலாபம் இருக்கிறானா?' என்று ஒருவர் கேட்க, 'இல்லை' என்று விடை வரும். காதுக்கு அது நன்றாக இராது என்பதே காரணம். முஸ்லிமில் வரும் மற்றோர் அறிவிப்பில், இத்தகைய பெயர்களை அறவே தடுக்க எண்ணிப் பின்னர் மௌனமாக இருந்துவிட்டதாகவும் காண்கிறோம். ஆதலால் இவை ஹராம் அல்ல. தவிர்த்துக் கொள்வது மேல் என்று இமாம் நவவி (ரஹ்) போன்ற பெருமக்கள் விளக்கம் தந்துள்ளனர். இப்போது பெண் பிள்ளைகளுக்கு ஈமான், தக்வா என்று பெயரிடுவதை ஆலிம்களில் சிலர் விரும்பாததற்கும் இதுவே காரணம். 'வீட்டில் ஈமான் இருக்கிறாளா?' 'இல்லை' என்ற பேச்சு வாசலில் நின்று கேட்க எப்படியிருக்கும்?

அல்லாஹ்வுக்கே உரிய திருநாமங்களைச் சுருக்கி அழைக்கும் பழக்கமும் இங்கே கவனிக்கத் தக்கது. அப்துர் ரஹ்மானை 'ஏய் ரஹ்மான்!' என்கிறோம். அப்துல் குத்தூஸை 'குத்தூஸ்' என்கிறோம். முன்னால் உள்ள 'அப்து' என்ற சொல் விழுந்துவிட்டால் அடியான் போய், ஆண்டவனின் திருநாமமே அந்தப் பிள்ளை மீது நிற்கிறது. வேறு சிலர் 'அப்துல்' என்று மட்டும் நிறுத்துகின்றனர். 'அடியான்' என்பதோடு நின்றால், யாருடைய அடியான்? அரைப் பெயராகிவிடுகிறது. ரஹீம், கரீம், ரஷீது போன்றவை மனிதர்க்கும் பொருந்தும் சொற்களாதலால் அவற்றில் இந்த அளவுக்குக் கண்டிப்பு இல்லை.

அன்பாகச் சுருக்கி அழைப்பதே கூடாதா என்றால், அப்படியல்ல. நாயகம் (ஸல்) அவர்களே அன்னை ஆயிஷா (ரலி) அவர்களை 'ஆயிஷ்' என்று செல்லமாக அழைத்திருக்கிறார்கள். பொருள் கெடாமல் சுருங்கினால் அது அன்பு. பொருள் கெட்டால் அது அறியாமை. கேலியாகத் திரிந்தால் அது பாவம்; பட்டப் பெயர் சூட்டி ஒருவரையொருவர் இழிவுபடுத்துவதை ஸூரத்துல் ஹுஜுராத் தடுக்கிறது. பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிள்ளைகளின் வாயில் இந்தப் பெயர் எப்படித் திரியும் என்பதையும் பெற்றோர் ஒரு முறை சொல்லிப் பார்த்துக் கொள்வது நல்லது.

எண்ணும் நட்சத்திரமும்

வருத்தத்தோடு மற்றொன்றையும் குறிப்பிட வேண்டியுள்ளது. பெயரின் எழுத்துகளுக்கு எண் மதிப்புப் போட்டுக் கூட்டி, 'இந்த எண் வந்தால்தான் செல்வம் சேரும்' என்று ஆங்கில எழுத்தில் ஒன்றைக் கூட்டியும் குறைத்தும் எழுதுகின்ற வழக்கம் நம் வீடுகளிலும் நுழைந்துவிட்டது. பிறந்த நட்சத்திரம் பார்த்து முதலெழுத்தைக் கேட்டு வருவோரும் உள்ளனர். நன்மையும் தீமையும் அல்லாஹ்வின் நாட்டப்படி நடப்பவை என்று நம்புகின்ற நாம், அவற்றை ஓர் எழுத்தின் கையில் ஒப்படைக்கலாமா?

நல்ல பெயரைக் கேட்டு மனம் நல்லதை எதிர்பார்ப்பது வேறு. ஹுதைபிய்யாவில் குறைஷியர் சார்பில் ஸுஹைல் என்பவர் பேச வந்தபோது, அப்பெயரில் 'எளிது' என்ற கருத்து இருந்ததால், காரியம் எளிதாயிற்று என்று நாயகம் (ஸல்) அவர்கள் நன்னம்பிக்கை கொண்டார்கள். அது பொருளைக் கேட்டு அல்லாஹ்விடம் ஆதரவு வைப்பது. எண்ணுக்கு ஆற்றல் இருப்பதாக நம்புவதோ ஈமானில் ஓட்டை விழச் செய்வது.

வைத்துவிட்ட பெயரை என்ன செய்வது?

'என் மகளுக்குப் பத்து வயதாகிறது. பெயரின் பொருள் சரியில்லை என்று இப்போதுதான் தெரிந்தது. பள்ளிக்கூடத்திலும் பதிந்தாயிற்று. நான் என்ன செய்வேன்?' என்று ஒரு தந்தை கண் கலங்கி நம்மிடம் கேட்டார். இப்படிப்பட்டவர்கள் பலர் இருக்கக் கூடும். அவர்கள் கலங்க வேண்டியதில்லை. மார்க்கம் இதில் படித்தரம் வைத்திருக்கிறது.

அல்லாஹ் அல்லாதவருக்கு அடிமை என்ற கருத்தோ, அல்லாஹ்வுக்கே உரிய தன்மையை மனிதனுக்குக் கொடுக்கும் கருத்தோ இருந்தால் அதை மாற்றியே ஆக வேண்டும். பொருள் கெட்டதாக மட்டும் இருந்தால் மாற்றுவது ஸுன்னத்து. பொருள் தெளிவில்லை, ஆனால் தீமையும் இல்லையென்றால் விட்டுவிடலாம்.

ஸயீத் இப்னுல் முஸய்யிப் (ரஹ்) அவர்களின் பாட்டனார் ஹஸ்ன் என்பவர். 'கரடுமுரடான நிலம்' என்று அதற்குப் பொருள். நாயகம் (ஸல்) அவர்கள் அவரை ஸஹ்ல் (மென்மையானவர்) என்று மாற்றிக் கொள்ளச் சொன்னபோது, தந்தை வைத்த பெயரை மாற்ற மாட்டேன் என்று அவர் கூறிவிட்டார். அவரை நாயகம் (ஸல்) அவர்கள் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அதன் பின் அந்தக் கடுமை தம் குடும்பத்தில் நீங்காதிருந்ததாகப் பேரர் ஸயீத் (ரஹ்) அவர்களே கூறுகிறார்கள். புகாரியில் உள்ள இந்தச் செய்தியில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. நல்ல மாற்றத்திற்கு வாய்ப்புக் கிடைத்தால் விட்டுவிடக் கூடாது என்பது ஒன்று. பெயரின் பேரால் ஒருவரைப் பிடித்து நெருக்கவும் கூடாது என்பது மற்றொன்று.

வேறு பக்கமும் உண்டு. உஹதுப் போரில் ஷஹீதாகி, மலக்குகளால் குளிப்பாட்டப்பட்ட ஸஹாபியின் பெயர் ஹன்ளலா (ரலி). அகராதியைப் பார்த்தால் அது கசப்பான குமட்டிக் காயின் பெயர். நாயகம் (ஸல்) அவர்கள் அதை மாற்றவில்லை. இன்று அப்பெயரைக் கேட்டால் எவருக்கும் காய் நினைவுக்கு வருவதில்லை. அந்தத் தியாகிதான் நினைவுக்கு வருகிறார்கள். ஆகவே நல்லடியார்களால் சிறப்புப் பெற்ற பெயர்களை அகராதி கொண்டு குடைய வேண்டாம். மற்றவர் பிள்ளையின் பெயரை விருந்திலும் திருமணத்திலும் வைத்துப் பலர் முன்னே விமர்சிக்கவும் வேண்டாம். அந்தப் பிள்ளை அதைக் கேட்டுக் கொண்டு நிற்கிறது. சொல்ல வேண்டியதைப் பெற்றோரிடம் தனியே, இதமாகச் சொல்லுங்கள்.

அந்தத் தந்தைக்கு நாம் கூறியது இதுதான்: மகளிடமே அன்பாக எடுத்துச் சொல்லி, இரண்டு மூன்று நல்ல பெயர்களைக் காட்டி, அவளையே தேர்ந்தெடுக்கச் செய்யுங்கள். இன்றிலிருந்து வீட்டில் அப்படியே அழையுங்கள். பெயரை மாற்றுவதற்காக மீண்டும் அகீகா கொடுக்க வேண்டியதில்லை. ஏட்டிலும் மாற்ற விரும்பினால் அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு வெளியிடும் முறை இருக்கிறது. அதைத் தக்கவர்களிடம் கேட்டுச் செய்யுங்கள்.

அவசரம் வேண்டாம்

இவ்வளவு சிக்கலுக்கும் பெரும்பாலும் காரணம் அவசரமே. ஆஸ்பத்திரியில் பதிவேட்டை நீட்டி 'பெயர் என்ன?' என்று கேட்டதும், வாயில் வந்ததைச் சொல்லிவிடுகின்றனர். நம் நாட்டின் 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, பெயரில்லாமலேயே பிறப்பைப் பதியலாம். பிறகு 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம்; அதற்குப் பின்னும் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்க இடமுண்டு. ஆனால் ஒரு முறை பெயரைப் பதிந்துவிட்டால் பிறகு மாற்றுவது எளிதல்ல. அதிலும் 2023 அக்டோபர் முதல் நாளிலிருந்து பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட் முதலியவற்றிற்குப் பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணமாகிவிட்டது. எனவே அதில் ஏறும் பெயரை யோசித்து ஏற்ற வேண்டும்.

மார்க்கமும் நமக்கு அவகாசம் தருகிறது. நாயகம் (ஸல்) அவர்கள் தம் அருமை மகனார் இப்ராஹீம் பிறந்த இரவை அடுத்தே பெயர் சூட்டியதை அறிவித்தார்கள். ஏழாம் நாளில் அகீகா கொடுத்து, முடி இறக்கி, பெயர் வைக்கும் முறையையும் கற்றுத் தந்தார்கள். இரண்டும் ஸுன்னத்தே. பெயர் முடிவாகாதவர்கள் ஏழு நாட்களையும் நன்கு பயன்படுத்திக் கொள்ளட்டும். தாயையும் கலந்து கொள்ளுங்கள். மர்யம் (அலை) அவர்களுக்கு அப்பெயரைச் சூட்டியவர் அவர்களுடைய தாயார் என்பது திருமறை தரும் செய்தி.

புதுமை விரும்புவோர்க்குச் சில பெயர்கள்

'கூடாது, கூடாது என்றே சொல்லிவிட்டீர்களே, எதைத்தான் வைப்பது?' என்று கேட்பீர்கள். அல்லாஹ்வுக்கு மிக விருப்பமான பெயர்கள் அப்துல்லாஹ்வும் அப்துர் ரஹ்மானும் என்பது ஹதீஸ். அவற்றுக்கு ஈடு ஏதுமில்லை. ஆயினும் புதுமை வேண்டுவோர்க்குக் கீழே சில பெயர்களைத் தருகிறோம். இவை பழமையிலேயே பழமையானவை. நம் தெருக்களுக்கு மட்டும் புதியவை.

பெண் பிள்ளைகளுக்கு: தஸ்னீம் (சுவர்க்கத்தின் ஓர் ஊற்று), ஸல்ஸபீல் (சுவர்க்கத்தின் மற்றோர் ஊற்று), அஃப்னான் (மரக் கிளைகள், ஸூரத்துர் ரஹ்மானில் சுவனச் சோலை வருணனையில் வருவது), லீனா (பேரீச்ச மரம்), ஸுந்துஸ் (சுவனவாசிகளின் மெல்லிய பட்டு), மர்ஜான் (பவளம்), இனாயா (பரிவு, கவனிப்பு). ஸஹாபிப் பெண்மணிகளின் பெயர்களில் ருமைஸா (அன்னை உம்மு ஸுலைம் அவர்கள்), நுஸைபா (உஹதில் நாயகத்தைக் காத்து நின்ற வீராங்கனை), ருஃபைதா (போரில் காயமுற்றோருக்குச் சிகிச்சை செய்தவர்), ஷிஃபா (எழுத்தறிவு பெற்று, அன்னை ஹஃப்ஸாவுக்கும் எழுதக் கற்பித்தவர்).

ஆண் பிள்ளைகளுக்கு: ரய்யான் (தாகம் தீர்ந்தவன், நோன்பாளிகள் நுழையும் சுவன வாசலின் பெயர்), யஹ்யா, உஸைத் (சிங்கக் குட்டி), ஹுதைஃபா, முஆத், முஸ்அப், ஸுஹைப், அம்மார். ஸஹாபாப் பெருமக்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றே போதும். ஆயிரமாயிரம் பெயர்களுடன் அவர்களின் வரலாறும் கிடைக்கும். ருஃபைதா என்று பெயர் வைத்த தாய், மகள் வளர்ந்து 'எனக்கேன் இந்தப் பெயர்?' என்று கேட்கும் நாளில், சொல்வதற்கு ஒரு வரலாற்றை வைத்திருக்கிறாள். 'கேட்க அழகாக இருந்தது, வைத்துவிட்டோம்' என்று சொல்லும் தாயிடம் என்ன இருக்கிறது?

அன்புப் பெற்றோர்களே! எந்த எழுத்து, என்ன பொருள், எப்படி அழைப்பது என்ற மூன்றையும் கேட்டுத் தெரிந்த பின்னர் பெயர் வையுங்கள். பிறகு அது புதியதாயினும் பழையதாயினும் அந்தப் பெயரைச் சொல்லி அழைக்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் பிள்ளைக்கு அது ஒரு துஆவாக அமையும். ஒரு தாய் ஒரு நாளில் எத்தனை முறை பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்கிறாள் என்று எண்ணிப் பாருங்கள்! அத்தனை துஆக்களை வீணாக்கலாமா?

வல்ல நாயன் நம் மக்களுக்கு அழகிய பெயர்களையும், அப்பெயர்களுக்கு ஏற்ற அழகிய வாழ்வையும், மறுமையில் அப்பெயர்களால் கண்ணியத்தோடு அழைக்கப்படும் பாக்கியத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.